டயோ பேரைக் காணோமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பழங்கால ரோம் வக்கீல் சிசரோவோட கோர்ட் பேச்சுகளைப் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கேலியஸ்ங்கறவருக்காக வாதாடின கேஸ்ல அவர் ஜெயிச்சதைப் பாராட்டிட்டு அப்படியே தாண்டிப் போயிட்டாங்க, அதுதான் எனக்கு மனசு கேக்கல.

அந்த கேஸ்ல ஒருத்தர் செத்துப் போயிருக்காரு சார். டயோன்னு பேரு, அலெக்ஸாண்ட்ரியாவுல இருந்து வந்த தத்துவவாதி. துரத்திவிட்ட எகிப்து ராஜா தாலமியை எங்களுக்குத் திரும்ப வேண்டாம்னு ரோம்ல முறையிட வந்த தூதுக்குழுவோட தலைவர். வந்தவங்கள்ல பல பேரைக் கொன்னாங்க, கடைசியில அவரையும் கொன்னாங்க. கேலியஸ் மேல இருந்த குற்றச்சாட்டுல இதுவும் ஒண்ணு.

கி.மு. 56 ஏப்ரல்ல விசாரணை. ஊரெல்லாம் திருவிழா, மத்த கோர்ட் எல்லாம் லீவு, இது வன்முறைச் சட்டத்துல வர்ற கேஸ்ங்கறதால மட்டும் நடக்குது. சிசரோ எழுந்ததும் அதைத்தான் பிடிக்கிறாரு, பாவம் நீங்க மட்டும் விழா நாள்ல இங்க உக்காந்திருக்கீங்களேன்னு ஜூரிங்களுக்காகப் பரிதாபப்பட்டு, இதுக்கெல்லாம் காரணம் ஒரு பொம்பளையோட ஆத்திரம்னு பேச்சை கிளோடியா பக்கம் திருப்பிடறாரு. கிளோடியா எதிர்த்தரப்பு சாட்சி. அவங்க கூடப் பொறந்த கிளோடியஸாலதான் சிசரோ நாடு கடந்து போக வேண்டியதாச்சு, அந்தக் கோபமும் உள்ள இருக்கு. அந்தம்மா புருஷனோட எனக்குப் பகைன்னு சொல்லிட்டு, ஐயோ தப்பு, சகோதரன்னு சொல்ல வந்தேன், எப்பவும் இப்படித்தான் வாய் தவறிடுதுன்னு திருத்திக்கிறாரு. கூடப் பொறந்தவனோடயே தப்பான உறவுங்கறது எவ்வளவு பெரிய அவதூறு, அதை வாய் தவறின மாதிரி போட்டுட்டாரு!

அடுத்தது அப்பியஸ் கிளாடியஸ். ரோமுக்குத் தண்ணி கொண்டு வந்தவரு, அப்பியா சாலை போட்டவரு, கிளோடியாவோட முன்னோர், செத்து எத்தனையோ தலைமுறை ஆச்சு. அந்தக் கிழவரா மாறி சிசரோ பேசறாரு. நீ அடுத்தவ புருஷன்களோட போறதுக்கா நான் ரோடு போட்டேன்னு கேக்கறாரு. இதைப் படிக்கும்போது எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, அதுதான் பயமா இருக்கு, ஏன்னா சிரிச்ச அந்த நேரத்துல டயோவை நானும் மறந்துட்டேன். டயோ கொலைக்கு மொத்தப் பேச்சுல கொஞ்சம் இடம்தான், அசிசியஸ்னு ஒருத்தர் மேல அதே கொலைக்கு கேஸ் நடந்து விடுதலை ஆயிடுச்சேன்னு சொல்லி முடிச்சிடறாரு. கேலியஸும் விடுதலை.

இதே சிசரோதான் கி.மு. 80-ல ரோசியஸ்ங்கறவருக்காகப் பேசினாரு. அவர் மேல அப்பனைக் கொன்ன பழி, செத்தவரோட 60 லட்சம் செஸ்டர்ஸ் (ரோம் காசு) சொத்தை அப்ப ரோமை ஆண்ட சுல்லாவோட ஆளு கிரிசோகோனஸ் வெறும் 2000-க்கு ஏலத்துல எடுத்திருக்கான், கொலையால யாருக்கு லாபம்னு சுல்லா ஆட்சியிலயே கேட்டாரு. அங்கயும் எதிராளியைத்தான் தாக்கறாரு, ஆனா அந்தத் தாக்குதல் கொலையை நோக்கிப் போகுது. கேலியஸ் கேஸ்ல கொலையை விட்டு விலகிப் போகுது. ரெண்டையும் ஒரே தட்டுல வச்சுப் பாராட்டறதை என்னால ஏத்துக்க முடியல.

அடுத்த பாகம் வரும்னு போட்டிருக்கீங்க. அதுல டயோ யாரு, எதுக்கு வந்தாருன்னு ரெண்டு வரியாவது எழுதச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்