குவான் இம் கோயிலில் குறி கேட்கும் முறை

ஆசிரியருக்கு,

வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்கு (1870) வரும் நம்மவர் சிலர், அருகே சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம்முக்கு 1884இல் எழுந்த கோயிலிலும் குறி கேட்கிறார்கள். அவசரத்தில் முறை தவறிவிடுகிறது. மண்டியிட்டு, கேள்வியை மனத்தில் நிறுத்தி, எண்ணிட்ட 100 குச்சிகள் உள்ள குவளையைச் சற்றே சாய்த்துக் குலுக்க வேண்டும். அதிகம் சாய்த்தால் இரண்டு மூன்று விழும். அவை செல்லாது, மறுபடி குலுக்க வேண்டியதுதான். ஒரே குச்சி விழுந்ததும் அதன் எண்ணுக்குரிய பலன் சீட்டு வாங்க ஓடுவதே பெரிய தவறு. பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் போட்டுப் பாருங்கள்: ஒன்று தட்டைப்பக்கமும் மற்றது குவிந்த பக்கமும் மேலாக விழுந்தால்தான் அந்த எண் உங்களுக்குரியது. சீனர்களோ கிருஷ்ணன் கோயில் வாசலில் ஊதுபத்தியைப் பிசகாமல் செருகிவிட்டுப் போகிறார்கள்!

– வாசகர், சிங்கப்பூர்