இடது பக்கத்தை எழுதித் தந்தவருக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

கடந்த சில வாரங்களாக என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுதப்போவதில்லை. இடது காது போனது போனதுதான். வலது நன்றாக இருக்கிறது. தலைசுற்றல் நின்றுவிட்டது, சுவரைப் பிடிக்காமல் நடக்கிறேன். செய்தி அவ்வளவுதான், மீதி எல்லாம் நன்றி.

நான் படுத்துக் கிடந்தபோதுதான் ‘ஸ்டார் டிரெக்: தி மோஷன் பிக்சர்’ இசைப் பெட்டி வந்து சேர்ந்தது. மூன்று குறுந்தகடுகள். 1979 டிசம்பரில் வந்த அந்த விண்வெளிப் படத்துக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் எழுதிய பின்னணி இசை, 33 வருஷம் கழித்து, முழுசாக. அன்றைய இசைத்தட்டில் சுமார் 40 நிமிடம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து, ஒலி கெடாமல், ஓர் இசைத்தட்டில் அதற்கு மேல் பெரிதாக அடங்காது. போதாததற்கு, படத்துக்கு வாசித்ததை ஆல்பமாக விற்றால் வாத்தியக்காரர்களுக்குத் தனியாகப் பணம் தர வேண்டும். நிமிடம் ஏற ஏறச் செலவும் ஏறும். 1999-இல், படத்தின் 20-ஆம் வருஷத்துக்கு, 65 நிமிடம் அளவுக்கு ஒரு பதிப்பு வந்தது. மிச்சத்தைப் படத்தில் வசனத்துக்கும் எஞ்சின் உறுமலுக்கும் அடியில் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டு வந்தோம். தீட்டுவதற்கு அப்போது எனக்கு இரண்டு இருந்தன.

வீடு திரும்பிய முதல் நாளே ஹெட்போனை மாட்டினேன். செல்லோவும் டபுள் பாஸும் மடியில் வந்து உட்கார்ந்தன. முதல் வயலின்கள் அடுத்த வீட்டில் வாசிப்பது போல இருந்தது. எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பதால் இடது பக்கத்து ஒலி வலது பக்கத்து மைக்கிலும் கொஞ்சம் சிந்தும். அந்தச் சிந்தல்தான் எனக்கு மிஞ்சியது. நாலு நிமிடம்கூடத் தாங்கவில்லை. கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியை மூடினேன். அப்புறம் நாலு நாள் அதைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் மாறி மாறி உட்கார்ந்தவர்கள், நான் மறந்துபோன இந்தப் பெட்டியின் முன்பதிவை எனக்காக முடித்து வைத்தவர்கள், தினமும் போன் செய்து உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் படம் மட்டுமே பேசியவர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. காதைச் சோதித்த பெண்ணுக்குத் தனியாக ஒன்று. கைபேசியில் ‘மோனோ’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது, இரண்டு பக்கத்தையும் கலந்து ஒரே காதுக்குத் தரும் என்று காட்டிக் கொடுத்தவர் அவர். போட்டுப் பார்த்தேன். எல்லாம் வந்தது. ஆனால் வீடு முழுக்க இருந்த சாமானை ஒரே அறையில் அடுக்கி வைத்தது போல வந்தது. எது எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு தபால் உறை வந்தது.

அனுப்பியவரை உங்களில் பலருக்குத் தெரியும். பெயரைப் போட்டால் ஜென்மத்துக்கும் பேசமாட்டேன் என்று சொல்லியிருப்பதால் போடவில்லை. ஆனால் ஒரு குறிப்புச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள்: விரிவாக்கப்பட்ட ஆல்பம் என்றாலே எரிந்து விழுபவர். இசையமைப்பாளரே உட்கார்ந்து, பொறுக்கி, வரிசை மாற்றி அடுக்கித் தந்த 40 நிமிடம்தான் ஆல்பம், மற்றதெல்லாம் இழைப்புச் சுருள் என்பது அவர் கட்சி. “தச்சன் மேஜை செய்து கொடுத்தால் இழைப்புச் சுருளையும் மூட்டை கட்டித் தா என்பீர்களா?” என்று கேட்பார். “இவர் கொடுத்த மேஜையில் நாலாவது காலைக் காணோமே” என்பேன் நான். வருஷக்கணக்காக இதே சண்டை. கடைசியாகப் பேசியபோது இரண்டு பேருமே கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டோம்.

உறைக்குள் கோடு போட்ட தாள்கள், பதினொன்று. நீல மசி, நுணுக்கமான கையெழுத்து. முதல் வரி: “இடது பக்கம் மட்டும். வலது உங்களிடம் இருக்கிறது.”

மனுஷர் இந்தப் பெட்டியை வாங்கியிருக்கிறார். ஹெட்போனின் வலது பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிவிட்டு, மூன்று தகட்டையும் இடது காதால் மட்டும் கேட்டு, ஒவ்வொரு டிராக்குக்கும் நிமிடக் கணக்குப் போட்டு, எனக்குக் கேட்காத பக்கத்தில் என்ன நடக்கிறது என்று எழுதியிருக்கிறார். ஓர் இடத்தில், “வயலின்கள் இங்கே ஏறுகின்றன. உங்களுக்குக் கேட்பது அதன் நிழல்.” இன்னோர் இடத்தில், “இங்கே என் பக்கம் ஒன்றுமில்லை. எல்லாம் உங்களுக்குத்தான், அனுபவியுங்கள்.” அப்புறம், “ஹார்ப். எந்தப் பக்கம் என்று மூன்று முறை கேட்டும் பிடிபடவில்லை. நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.”

படத்தில் பூமியை நோக்கி வரும் அந்த மர்மப் பொருள், வீ-ஜர், வரும்போது ஒரு பயங்கர அதிர்வு கேட்குமே, அதை எழுப்புவது பிளாஸ்டர் பீம். இரண்டு ஆள் நீளத்துக்கு ஓர் உலோகச் சட்டம், அதன்மேல் கம்பிகள், அடியில் கிடாரில் இருப்பது போலக் காந்தங்கள். கிரெய்க் ஹக்ஸ்லி வாசித்தது. அதற்கு நேராக ஒரே வரி: “இதற்குப் பக்கம் கிடையாது. வயிற்றில் கேட்கும்.” வயிற்றில்தான் கேட்டது.

பழைய 40 நிமிடத்துக்கு இந்தத் தாள் எனக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. நாயகன் கிர்க்கும் எஞ்சினியர் ஸ்காட்டும் தங்கள் விண்கப்பலைச் சுற்றி வரும் அந்த ஆறு நிமிடம் எனக்கு மனப்பாடம். வலது காதில் ஹார்ன் தொடங்கினால் இடது பக்கம் தானாக வந்து சேர்ந்துகொள்கிறது. மூளை பொய் சொல்கிறது, தெரியும். சொல்லட்டும். ஆனால் புதிதாக வந்த இசையை நான் இரண்டு காதாலும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, இனிக் கேட்கப்போவதும் இல்லை. அதில் துணைக்கு வர நினைவு கிடையாது. அங்கேதான் இந்தப் பதினொரு தாள் எனக்குக் காதாக இருந்தது. இந்த இசை வெளிவரவே வேண்டாம் என்று சண்டை போட்டவர் கொடுத்த காது.

அதிகமாக எழுதியிருப்பது எதற்குத் தெரியுமா? அதே கப்பல் காட்சிக்குக் கோல்ட்ஸ்மித் முதலில் எழுதிய வடிவத்துக்கு. இயக்குநர் ராபர்ட் வைஸ் அதைக் கேட்டுவிட்டு, இதில் மெட்டு இல்லையே என்று திருப்பிவிட்டார். கோல்ட்ஸ்மித் மறுபடி உட்கார்ந்து எழுதியதுதான் நாம் எல்லோரும் முணுமுணுக்கும் அந்த மெட்டு. 1987-இல் வந்த ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொலைக்காட்சித் தொடர் அதையே தன் முகப்பிசையாக எடுத்துக்கொண்டது. முதல் வடிவம் இப்போது இந்தப் பெட்டியில் இருக்கிறது. அலைமேல் பாய்மரக் கப்பல் போவது போல அழகாகத்தான் அசைகிறது, எங்கேயும் போய்ச் சேருவதில்லை. நண்பர் இதற்கு இரண்டு தாள் எழுதிவிட்டுக் கடைசியில், “திருப்பியது சரிதான். ஆனால் கேட்ட பிறகுதான் இதைச் சொல்ல முடிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்” என்று முடித்திருக்கிறார். அவரை அறிந்தவர்கள் இந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டலாம். அடுத்த வரியிலேயே, “மற்றபடி பழைய ஆல்பம்தான் ஆல்பம்.”

இந்தப் பெட்டியை வெளியிட்ட லா-லா லேண்ட் ரிக்கார்ட்ஸுக்கும், பழைய ஒலிப்பதிவு நாடாக்களோடு மல்லுக்கட்டிய மைக் மட்டெசினோ, புரூஸ் பாட்னிக் முதலியோருக்கும், அந்த நாடாக்களை இத்தனை வருஷம் யாரோ ஓர் அலமாரியில் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்களே, அவர்களுக்கும் நன்றி. கோல்ட்ஸ்மித் 2004-லேயே போய்விட்டார். தான் ஒதுக்கி வைத்த இசையை ஒருவர் ஒற்றைக் காதோடும் இன்னொருவர் ஒற்றைக் காதை மூடிக்கொண்டும் கேட்பார்கள் என்று சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அநேகமாகச் சிரித்திருக்க மாட்டார்.

எப்படிக் கேட்கிறேன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மோனோவை அணைத்துவிட்டேன். ஸ்டீரியோதான். தாள் மடியில், விரல் நிமிடக் கணக்கின்மேல். முதல் தடவை விரல் பின்தங்கிவிட்டது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. ஓர் இடத்தில், அடுத்த வரியில் வயலின் ஏறும் என்று படித்துவிட்டு அது ஏறுவதற்காகக் காத்திருந்தேன். அடுத்த வீட்டுச் சுவருக்குப் பின்னால் அது ஏறியது. இந்தத் தடவை எனக்குப் போதுமானதாக இருந்தது.

நன்றி சொல்லப் போன் செய்தேன். கையெழுத்து புரிகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதற்கு அப்புறம்தான் பதினோராம் தாளின் பின்பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஒரு வரி இருந்தது. அவர் இன்னும் வலது பக்கத்தைக் கேட்கவில்லையாம். “உங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள், வந்த பிறகு சேர்த்துக் கேட்கிறேன்.”

எழுத ஆரம்பித்துவிட்டேன். மூன்றாவது தாளில் இருக்கிறேன்.