வெயிலில் உழைப்பவரின் தொப்பியும் தொழில் செலவுதான்

வரிச் சட்டங்களை எழுதுகிற அதிகாரிகளுக்கும் அமைச்சர்களுக்கும், வணக்கம்.

வெல்டிங் வேலை செய்பவர் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கினால் அது வருமானத்தில் கழித்துவிட்டு வரி போட வேண்டிய தொழில் செலவு என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆனால் உச்சி வெயிலில் கூரை மேல் உட்கார்ந்து தகரம் அடிப்பவர் பிடரி மறைக்கும் தொப்பியும் சன்ஸ்கிரீனும் வாங்கினால், அது அவருடைய சொந்தச் செலவு என்று தள்ளிவிடுவது என்ன நியாயம்? தீப்பொறி கண்ணுக்குத் தெரிகிறது, புற ஊதாக் கதிர் தெரிவதில்லை, அவ்வளவுதானே வித்தியாசம்.

சூரியக் கதிர்வீச்சு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1992லேயே வகைப்படுத்திவிட்டது. மெலனோமா (தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோயால் இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வெயிலில் செய்த வேலையே காரணம் என்று 2023இல் அந்த நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து சொல்லின.

செலவையும் பாருங்கள். முகம், கழுத்து, காதுக்கு ஒரு தேக்கரண்டி சன்ஸ்கிரீன், கைக்கு ஒன்றாக இன்னும் இரண்டு, ஆக ஒரு தடவைக்கே 15 மில்லி. வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கி எரியும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். நாலு தடவை பூசினால் 60 மில்லி, அதாவது 100 மில்லி டியூப் இரண்டு நாளைக்குக்கூட வராது. இதையா அழகுச் சாதனம் என்கிறீர்கள்?

ஆஸ்திரேலியாவில் 2002இல் மாரிஸ் என்பவரின் வரி வழக்கில் ஃபெடரல் நீதிமன்றம் வெளிவேலை செய்பவர்களின் தொப்பி, சன்ஸ்கிரீன், கூலிங் கிளாஸ் செலவுக்கு வரிக்கழிவு உண்டு என்று தீர்ப்பளித்தது. விடுமுறையில் கடற்கரைக்குப் பூசிக்கொண்டு போனதைக் கழித்துவிட்டு வேலைக்கான பங்கை மட்டும் காட்ட வேண்டும், சரியான விதிதான். அதையே எல்லா நாடுகளும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று. வரி கட்டும் அளவுக்கே சம்பளம் இல்லாதவருக்கு இந்தக் கழிவால் ஒரு காசு மிஞ்சாது, வெயிலில் அதிகம் நிற்பதும் பெரும்பாலும் அவர்தான். அதனால் தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேலை கொடுப்பவரே தர வேண்டும் என்று சட்டம் போடுங்கள். தானே வாங்கிக்கொள்கிற சுயதொழில்காரருக்கும் தினக்கூலிக்கும், ஒவ்வொரு டியூப்புக்கும் ரசீது கேட்காமல், ஆண்டுக்கு ஒரு நிலையான தொகையைக் கழிவாகவோ நேரடி உதவியாகவோ கொடுங்கள்.