வாளிச் சின்னத்தை எங்கள் அண்ணனுக்கே தாருங்கள்

மதிப்புக்குரிய தேர்தல் ஆணையர்களுக்கு,

வணக்கம். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பாலாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் பகுதியில் ஒருவர் 2006 முதல் தேர்தலில் நின்றுவருகிறார். நான்கு முறை சட்டமன்றத்துக்கு, 2014இல் மட்டும் நாடாளுமன்றத்துக்கு. பதிவு பெற்ற, ஆனால் அங்கீகாரம் பெறாத ஒரு சிறிய கட்சி. ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். அங்கீகாரம் இல்லாத கட்சியின் வேட்பாளரைத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்து முறையும் அந்தப் பத்துப் பேரில் நான் ஒருத்தி.

சின்னம் ஒதுக்கும் முறை பற்றி எங்கள் அண்ணன் பலமுறை மனு எழுதிவிட்டார். கடைசியாக வந்த பதில் ஒரே வரி: விதியில் இடமில்லை. அதைப் படித்த பிறகுதான் நானே எழுதுவது என்று உட்கார்ந்தேன்.

எங்கள் கோரிக்கை இதுதான். பதிவு பெற்ற கட்சியின் வேட்பாளர் ஒருவர் முன்பு நின்ற தொகுதியிலேயே மறுபடியும் நின்றால், அவருடைய பழைய சின்னத்தின்மேல் அவருக்கு முதல் உரிமை கொடுங்கள். அதை மனுத்தாக்கலுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

2006இல் அவருக்கு அலமாரி. 2011இல் மின்கம்பம். 2014இல் பலூன். 2016இல் வாளி கிடைத்தது. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் காலையிலேயே தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு கலந்த தன் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் சேந்திக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். வாசலில் வாளியை வைப்பார். பெண்கள் குனிந்து பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள். அதற்குமேல் அவர் எதுவும் பேச வேண்டியிருக்காது. அந்தக் கிணற்றை நம்பியிருந்த அவருடைய தென்னைகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போனதை ஊரே பார்த்தது. அந்தத் தேர்தலுக்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் அவர் பெயரே வாளிக்காரர் என்று ஆகிவிட்டது.

அண்ணன் பிளெக்ஸ் வைக்க மாட்டார். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்கைப் பிரசாரத்தில் தவிர்க்கச் சொல்லி நீங்களே 2019இல் அறிவுறுத்தினீர்களே, அதற்கும் முன்பிருந்தே அவருக்குத் துணிப் பதாகைதான். 2016இல் வாளியை வேறு நிறத் துணியில் வெட்டி ஒட்டுத்தையல் போட்டு நாற்பது பதாகைகள் தைத்தேன். ஷிப்ட் முடிந்து வந்து இரவு இரண்டு மணி வரை தைத்திருக்கிறேன். தேர்தல் முடிந்ததும் துவைத்து, மடித்து, டிரங்குப் பெட்டியில் வைத்தோம், அடுத்த முறைக்கு ஆகும் என்று.

2021இல் வாளியை இன்னொரு பதிவு பெற்ற கட்சியின் வேட்பாளரும் கேட்டார். குலுக்கலில் வாளி அவருக்குப் போனது. அண்ணனுக்கு கேரம் போர்டு. அதிகாரி விதிப்படிதான் செய்தார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வாளியைப் பெற்றவர் எங்கள் தெருப்பக்கம் ஒருநாள்கூட வரவில்லை. ஐந்து ஆண்டுகளாக எங்கள் அண்ணன் சுமந்த வாளி அது.

வாக்குப்பதிவு நாளன்று நான் நூறு மீட்டர் கோட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். எங்கள் தெருப் பாட்டி, எண்பதைத் தாண்டியவர், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். என் கையைப் பற்றிக்கொண்டு, "வாளிக்கே போட்டுவிட்டேன் அம்மா, அண்ணனிடம் சொல்லிவிடு" என்றார். வீடு தேடிப் போய் மூன்று முறை கேரம் போர்டு என்று சொல்லியிருந்தேன். காட்டியும் இருந்தேன். அவர் மனதில் வாளிதான் பதிந்திருந்தது. "சரி பாட்டி" என்றேன். வேறு என்ன சொல்வது? அன்று மாலைக்குள் வாளிக்குப் போட்டதாகச் சொன்னவர்களை எண்ண ஆரம்பித்தேன், பிறகு நிறுத்திவிட்டேன்.

இயந்திரத்தில் 2015 முதல் வேட்பாளர் படமும் இருக்கிறது என்பீர்கள். அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கெல்லாம் கீழே, 2021இல் கறுப்பு வெள்ளையில் இருந்த அந்தச் சிறிய படத்தைப் புரை விழுந்த கண்ணால் தேடிப் பாருங்கள். கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே பொதுச் சின்னம் கேட்க வழி இருக்கிறதே என்பீர்கள். அதற்கு மாநிலத்தின் தொகுதிகளில் ஐந்து விழுக்காட்டில் நிற்க வேண்டும். 234இல் பன்னிரண்டு தொகுதி. டெபாசிட் மட்டும் 1,20,000 ரூபாய். ஐந்து தேர்தலில் எங்கள் அண்ணன் இழந்த டெபாசிட் 60,000 ரூபாய். அதற்கே அவர் வீட்டில் மாடு இல்லாமல் போனது. ஒரு வேட்பாளர் 40 லட்சம் வரை செலவு செய்யலாம் என்று சட்டமன்றத் தேர்தலுக்கு வரம்பு வைத்திருக்கிறீர்கள். அந்த வரம்பைத் தொடுகிறவர்களுக்குச் சின்னம் ஒருநாளும் மாறுவதில்லை.

1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் குறையைக் கேட்க ஆளில்லாமல் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுப்போட்டார்கள். அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. 250 ரூபாய் டெபாசிட் 5,000 ஆனது, பத்துக் கையெழுத்து வந்தது, மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே இருக்க வேண்டிய நாட்கள் 20இலிருந்து 14 ஆகக் குறைந்தன. அந்த விவசாயிகள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அன்று யாராவது கேட்டார்களா? அந்தப் பதினான்கு நாளுக்குள்தான் புதுச் சின்னத்தை ஒரு தொகுதி முழுவதும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது, கையில் ஒரு டி.வி.எஸ். ஐம்பதை வைத்துக்கொண்டு.

அதே 1996 ஆகஸ்டில்தான், மாசுபடுத்துகிறவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று எங்கள் பாலாற்றை வைத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடெங்கும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். எங்கள் கிணறு அப்படியேதான் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுங்கள் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. நான் தோல் தொழிலில் சோறு உண்பவள். தோல் ஷாப்புகளை மூடச் சொல்லி எங்கள் அண்ணன் ஒருநாளும் கேட்டதில்லை, கழிவை முழுதாகச் சுத்திகரித்து வெளியே விடுங்கள் என்றுதான் கேட்கிறார். என்னைப் போன்றவர்கள் அவருக்குக் கையெழுத்துப் போடுவது அதனால்தான். பெரிய கட்சிகள் எல்லாம் வந்து போயின. ஆற்றைப் பற்றித் தேர்தலுக்கு மறுநாளும் பேசுகிறவர் இவர் ஒருவர்தான். ஆயிரம் ஓட்டை அவர் தாண்டியதில்லை. ஆனாலும் மணல் லாரி வந்தாலும், தண்ணீரில் நுரை வந்தாலும், நடு இரவில் ஜனங்கள் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான்.

ஆற்றைப் பற்றித் தொடங்கினால் எனக்கு நிறுத்த முடிவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். டெபாசிட்டைக் குறைக்க நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சின்னம் அப்படியல்ல. 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணை நீங்களே பிறப்பித்தது. விதியில் இடமில்லை என்றால், இடம் உண்டாக்கும் அதிகாரமும் உங்களிடமே இருக்கிறது. ஆறு ஆண்டுகள் போட்டியிடாத கட்சிகளை 2025இல் நூற்றுக்கணக்கில் பட்டியலிலிருந்து நீக்கினீர்கள். விடாமல் நின்றுகொண்டிருப்பவருக்கு அவர் நின்ற சின்னத்தையாவது தாருங்கள்.

வயது அறுபத்தெட்டு ஆனாலும் அடுத்த முறையும் நிற்பேன் என்கிறார் எங்கள் அண்ணன். பாட்டியும் இருக்கிறார். நாற்பது பதாகைகளும் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. வாளி எங்களுக்கு உண்டா இல்லையா என்பதை மனுத்தாக்கலுக்கு முன்பே தெரிவிக்குமாறு மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்றால் நான் மறுபடியும் தைக்கத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
முன்மொழிந்த பத்துப் பேரில் ஒருத்தி