முதல்ல வக்கீலைப் பாரு

மாப்ள,

மாசக்கணக்கா ஒரு போன்கூட இல்லையேன்னு உன்னைத் திட்டத்தான் இருந்தேன். உனக்கு வேலை போன விஷயத்தைச் சேகர் சொன்னதும் திட்டு தொண்டையிலேயே நின்னுடுச்சு. இங்க எல்லாரும் சௌக்கியம், அதை விடு.

லே-ஆஃப் இப்போ யாரைத்தான் விட்டுச்சு? என் வயித்தைக் கலக்கினது அடுத்து அவன் சொன்னதுதான். "60 நாள் இருக்கு, மெதுவா பாத்துக்கலாம், பாரம் நிரப்பிக் குடுக்க ஒருத்தர் இருக்கார்"னு சொன்னியாமே! பரீட்சைக்கு முந்தின ராத்திரி என்கிட்ட சிலபஸ் கேட்ட ஆளாச்சே நீ.

எச்1பி வேலை விசாக்காரனுக்கு வேலை போனா அமெரிக்காவுல இருக்க விடற அந்த 60 நாள், வேலையோட கடைசி நாள்ல இருந்து ஓடும்டா. வேலையை விட்டு அனுப்பும்போது தர்ற செவரன்ஸ் பணம் வந்துட்டிருந்தா நாளும் நீளும்னு நினைச்சுக்காத. அதுவும் 60 நாளோ, நாட்டுல எதுவரைக்கும் இருக்கலாம்னு போட்ட ஐ-94 முடியற தேதியோ, எது முன்னாடி வருதோ அதுவரைக்கும்தான்.

ஐ-94னு சொன்னதும் குண்டன் ஞாபகம்தான் வருது. அவன்கூட வக்கீலைப் பாக்க நானும் போயிருந்தேன். எச்1பி எடுத்த நாள்ல இருந்து சேத்த காகிதம் மொத்தத்தையும் தூக்கிட்டு வந்தான். அந்தம்மா அதைத் தொடவே இல்லை. "ஐ-94 காட்டுங்க"ன்னாங்க. இவன் பெருமையா, எச்1பி அப்ரூவ் ஆனதுக்கு வந்த 797 நோட்டீஸை நீட்டினான். "இது இல்லை, கடைசியா நாட்டுக்குள்ள வந்தப்போ போட்டது"ன்னு சொல்லி, அவன் போன்லயே எடுக்க வச்சாங்க. 797-ல இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. ஐ-94-ல இருந்ததோ அவன் பழைய பாஸ்போர்ட் முடியற தேதி! பாஸ்போர்ட் எதுவரைக்கும் செல்லுமோ அதோட தேதியை நிறுத்திடுவாங்களாம். நல்லவேளை, அந்தத் தேதிக்குள்ள நீட்டிப்புக்குப் போட்டுத் தப்பிச்சான். உன் பாரம் நிரப்பற ஆளா இருந்தா 797-ஐப் பாத்து எழுதி, காசு வாங்கிட்டுப் போயிருப்பார்.

கம்பெனி வக்கீல்கிட்ட கேட்டுக்கறேன்னும் ஆரம்பிக்காத. அவங்களுக்கு ஃபீஸ் கட்டினது கம்பெனி. இப்போ கம்பெனிக்கு நல்லதும் உனக்கு நல்லதும் ஒண்ணா இருக்கணும்னு இல்லையே. உனக்குன்னு ஒருத்தர் வேணும். குடியேற்றம் ஃபெடரல் சட்டம்ங்கறதால எந்த ஸ்டேட் பார்ல, அதாவது வக்கீல் சங்கத்துல, பதிஞ்ச வக்கீலும் சரி. லைசென்ஸ் இருக்கா, நடவடிக்கை ஏதாவது வந்திருக்கான்னு அந்த பார் சைட்லயே பாத்துடலாம். உனக்கு நான்தான் வக்கீல்னு சொல்ற ஜி-28 பாரம் போட்டுக் கையெழுத்து வைக்கத் தயங்கற ஆளா, எழுந்து வந்துடு. "கண்டிப்பா அப்ரூவல் வாங்கித் தரேன்"னு சொன்னா ஓடியே வந்துடு. என் ஃபைலை நீங்களே பாப்பீங்களா, உதவிக்கு இருக்கற பாராலீகல் பாப்பாங்களா, கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்எஃப்இ வந்தா அதுக்குத் தனி ஃபீஸான்னு கேக்கக் கூச்சப்படாத. முக்கியமா, வேலை போன எச்1பி கேஸ் எத்தனை பாத்திருக்காங்கன்னு கேளு. அடைக்கல வழக்குல புலியா இருக்கறவருக்கு இது பழக்கமில்லாம இருக்கலாம்.

கிரீன் கார்டுக்காக கம்பெனி போட்ட உன் ஐ-140 மனு அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிடுச்சுதானே? அப்படின்னா கம்பெனி வாபஸ் வாங்கினாலும் கிரீன் கார்டு வரிசையில உன் இடத்தைச் சொல்ற ப்ரையாரிட்டி டேட் உன்கிட்டயே இருக்கும். இவ்வளவு வருஷமா வரிசையில நின்னது வீணாப் போகாது. ஆனா அதை வச்சு அடுத்து என்ன பண்ணணும்னு சொல்ல நான் யாரு, அதையும் வக்கீல்கிட்டயே கேளு.

இன்னொண்ணு. உன் வீட்டுல, தங்கச்சிகிட்ட நீ இன்னும் சொல்லலையாம். சேகர் உளறிட்டான், அவனைக் கடிக்காத. அவளோட எச்4 குடும்ப விசா, அதை வச்சு வாங்கின ஈஏடி வேலை அனுமதி, அவ வேலை எல்லாமே உன் ஸ்டேட்டஸைப் பிடிச்சுத்தான் நிக்குது. பசங்களோடதும் அப்படித்தான். வக்கீல்கிட்ட அவளும் வந்து உக்காரணும். நீ கேக்க மறக்கறதை அவ கேப்பா. இதுல விளையாடாதடா.

புதன்கிழமை சாயங்காலம் அந்தம்மாகிட்டயே உனக்கு நேரம் வாங்கி வச்சிருக்கேன். கன்சல்டேஷன் ஃபீஸ் உன்னோடது, அதையும் என் தலையில கட்டிடாத. ஐ-94, 797 எல்லாம், பே ஸ்டப், டெர்மினேஷன் லெட்டர் ஸ்கேன் பண்ணி வை. பாஸ்போர்ட் என்னைக்கு முடியுதுன்னு இப்பவே பாத்து மெசேஜ் போடு.

மூர்த்தி