20 அங்குலம் என்பது வெட்டிக்கொள்ள அனுமதி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சட்டக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியின் நுனி துருப்பிடித்துவிட்டது, அந்த இடத்தை மட்டும் வெட்டிச் சரிசெய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தார். குழலின் நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்ற பொருள்பட அவருக்குப் பதில் தந்திருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அதை நம்பி ஒருவர் லேத் பட்டறைக்குப் போனால், அவருக்கும் பட்டறைக்காரருக்கும் குறைந்தது 7 ஆண்டு சிறை என்ற நிலை வந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆயுதச் சட்டம், 1959-இன் 6-வது பிரிவு, அதற்கென்று உரிமம் பெற்றவரைத் தவிர வேறு யாரும் துப்பாக்கியின் குழலைக் குட்டையாக்கக் கூடாது என்கிறது. எத்தனை அங்குலம் வரை என்ற பேச்சே அந்தப் பிரிவில் கிடையாது. 30 அங்குலக் குழலை 29 ஆக்கினாலும் குற்றம்தான். துப்பாக்கியை வைத்துக்கொள்ளக் கலெக்டர் அலுவலகம் தரும் உரிமம் வேறு, குழலை வெட்டுவதற்கான உரிமம் வேறு. நம்மைப் போன்ற விவசாயிகள் கையில் இருப்பது முதல் வகை மட்டுமே.

அப்படியென்றால் 20 அங்குலம் எங்கிருந்து வந்தது? அதே சட்டத்தின் 13-வது பிரிவில் இருந்து. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ துப்பாக்கி கேட்பவருக்கு, உட்புறம் வழவழப்பான, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று அங்கே இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு, குழலின் வாய் வழியாக வெடிமருந்து கிட்டிக்கும் துப்பாக்கியும் அங்கேதான் வருகிறது. 20 அங்குலத்துக்குக் குறைந்ததை ஆயுத விதிகள் கட்டுப்பாடு மிகுந்த முதல் வகையில் வைத்திருக்கின்றன. ஆக, எந்தத் துப்பாக்கிக்கு எந்த உரிமம் என்று பிரிப்பதற்கான அளவு அது. கையில் இருப்பதை அதுவரை அறுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

தண்டனையும் பழைய தண்டனை இல்லை. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்கு முன்பு குழலைக் குட்டையாக்கினால் 3 முதல் 7 ஆண்டு. இப்போது குறைந்தபட்சமே 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள், அபராதம் தனி. ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் அதே திருத்தத்தில் 6-வது பிரிவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே 5-வது பிரிவின்படி குற்றம். அதற்கும் இதே தண்டனை. கலப்பைக்கும் மோட்டாருக்கும் வேலை பார்க்கிற பட்டறைக்காரர், தெரிந்தவர் கேட்கிறாரே என்று அரை மணி நேரம் கை கொடுத்தாலும் அவரும் உள்ளேதான்.

இதை நான் சட்டப் புத்தகம் படித்து மட்டும் சொல்லவில்லை. எங்கள் தோட்டம் அந்தியூர் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. 1996 ஐப்பசியில் நிலக்கடலை பிடுங்குகிற நேரம். காட்டுப்பன்றிகள் இறங்கி வரப்போடு வரப்பாகக் கிளறிப் போட்டுக்கொண்டிருந்தன. அப்பாவிடம் உரிமம் உள்ள 12 போர் இரட்டைக்குழல் இருந்தது. மழைக்காலம் முழுக்க எடுக்காமல் சுவரில் மாட்டியே கிடந்தது. அன்றிரவு பன்றிகளை விரட்ட வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தார். வலப்பக்கக் குழலுக்குள் குளவி மண்ணை உருட்டிக் கூடு கட்டியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. குழலின் நுனி வெள்ளரிப்பழம் வெடித்த மாதிரி பிளந்துவிட்டது. அப்பாவின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. காது மட்டும் மூன்று நாள் கேட்கவில்லை.

மறுநாளே நானும் அப்பாவும் சாக்கில் சுற்றி டவுனில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அந்த மனிதர் நல்லவர், எங்கள் பம்புசெட்டை எல்லாம் அவர்தான் பார்ப்பார். "இதுக்கு எதுக்குங்க கோயமுத்தூர் வரைக்கும் போறீங்க? வெடிச்ச எடத்தோட மூணு இஞ்சு அறுத்துட்டா புதுசாட்டம் ஆயிருமுங்க" என்றார். துப்பாக்கியை வைஸில் இறுக்கி, ஆக்சா பிளேடையும் கையில் எடுத்துவிட்டார். பட்டாளத்தில் இருந்து வந்த எங்கள் சித்தப்பா அந்த நேரம் பார்த்துத் தேடி வந்தார். "பேரல்ல பிளேடு பட்டுச்சுன்னா அண்ணனையும் கொண்டுபோயிருவாங்க, உன்னையும் கொண்டுபோயிருவாங்க. கழட்டுப்பா அதை" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் அது நின்றது.

பிறகு கோவையில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் பார்த்தது வெடிப்பை அல்ல. குழலின் அடிப்பக்கத்தில் வைஸின் பல் பதிந்திருந்த தடத்தை விரலால் தடவிக்கொண்டே, "இது என்னங்க தடம்?" என்று கேட்டார். அப்பா மறைக்காமல் சொன்னார். அவர் குழலுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்தார். வெளியே தெரிந்த பிளவுக்கும் கீழே நான்கு விரற்கடை தூரம் குழல் உப்பியிருந்தது. அறுத்திருந்தால் உப்பிய இடம் அப்படியே மிஞ்சியிருக்கும், அடுத்த வெடியில் யார் கையோ முகமோ போயிருக்கும் என்றார். அப்பா துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். அவருடைய அப்பா வாங்கியது அது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அறுப்பதால் லாபம் உண்டு என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரட்டைக்குழல் போல ஒரே வெடியில் பல சிறு குண்டுகளை விடும் பெரும்பாலான சிதறுகுண்டுத் துப்பாக்கிகளில் குழலின் கடைசி இரண்டு மூன்று அங்குலம் சற்றே ஒடுங்கியிருக்கும். சோக் என்பார்கள். குண்டுகள் கும்பலாகப் போவது அதனால்தான். முழு சோக் உள்ள குழல், 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஏறக்குறைய 70 விழுக்காடு குண்டுகளைச் சேர்க்கும். சோக் இல்லாத குழல் 40 விழுக்காடுதான் சேர்க்கும். முதலில் அறுபட்டுப் போவது அந்த ஒடுக்கமே. இரட்டைக்குழலில் இரண்டு குழல்களையும் நுனிவரை ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அறுத்தால் அந்தப் பிடிப்பும் போய்விடும். சத்தமும் தீப்பொறியும்தான் கூடும். குட்டைத் துப்பாக்கியால் உண்மையில் ஆகிற ஒரே காரியம், அது வேட்டிக்குள்ளும் பைக்குள்ளும் மறையும் என்பதுதான். சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதும் அதற்காகத்தான். அது நியாயமென்றே நான் நினைக்கிறேன்.

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் போனில் அமெரிக்கக்காரர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து "18 இஞ்சு இருந்தா தப்பில்லையாமே" என்கிறார்கள். அது அந்த நாட்டுச் சட்டம். 1934-இல் அவர்கள் கொண்டுவந்த தேசிய ஆயுதச் சட்டப்படி, சிதறுகுண்டுத் துப்பாக்கியின் குழல் 18 அங்குலத்துக்கோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால் மத்திய அரசிடம் பதிவு செய்ய வேண்டும், 200 டாலர் வரி கட்ட வேண்டும். அந்த வரியை 2026 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள், பதிவு அப்படியே இருக்கிறது. இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் 24 அங்குலத்துக்குக் கீழே குட்டையாக்குவதைக் குற்றமாக்குகிறது. இரண்டு நாடுகளிலும் ஒரு எண்ணை வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள். நம் 6-வது பிரிவில் எண் இல்லை. தங்கள் பதிலில் நேர்ந்த பிழைக்கும் இந்தக் குழப்பமே காரணமாக இருக்கலாம்.

பிழை தங்களுடையது மட்டும் இல்லை. இப்போது என் பெயரில் ஒரு ஒற்றைக்குழல் இருக்கிறது. அதன் உரிமப் புத்தகத்தில் உள்ள நிபந்தனைகள் அத்தனையும் ஆங்கிலம். எங்கள் ஊரில் துப்பாக்கி வைத்திருக்கும் யாராலும் அதைப் படிக்க முடியாது. குழலைத் தொடாதே என்று தமிழில் ஒரு வரி அச்சிட்டு ஒட்ட எவ்வளவு செலவாகும்? ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்களை அழைத்துத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் வாங்கி வைக்கிறார்கள். எண்ணைச் சரிபார்த்து, அட்டை கட்டி, ரசீது தருகிறார்கள். அப்போதே டேப் வைத்துக் குழலின் நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்ளலாம். அளவு எழுத்தில் இருந்தால் அறுக்க நினைக்கிறவர் யோசிப்பார். பழுதான துப்பாக்கியை யாரிடம் கொண்டுபோவது என்பதையும் அங்கேயே சொல்லி அனுப்பலாம். காவல் நிலையத்துக்குப் போனால் கேஸ் போடுவார்களோ என்ற பயத்தில்தான் ஜனங்கள் சாக்கில் சுற்றிக்கொண்டு பட்டறைக்குப் போகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் தங்கள் இதழின் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் வீட்டிலும் பழைய இரட்டைக்குழல் ஒன்று இருக்கிறது, நுனி துருப்பிடித்தது. "அண்ணா, பேரல் 28 இஞ்சு இருக்குதுங்க. ரெண்டு இஞ்சுதான் எடுக்கணும். பத்திரிகையிலயே போட்டிருக்குது பாருங்க" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டார். ஆனால் போகும்போது அந்தத் தாளை மறுபடி மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். அவருக்கு என் வாய்ச்சொல்லைவிட அச்சில் வந்த வரிதான் பெரிது. திருத்தத்தைத் தயவுசெய்து அடுத்த இதழிலேயே, அந்தக் கேள்வி-பதில் வந்த அதே பக்கத்தில் வெளியிடுங்கள். அதுவரை அந்தத் துப்பாக்கியை எங்கேயும் கொண்டுபோக மாட்டேன் என்று அவரிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
அந்தியூர் வட்டம், ஈரோடு மாவட்டம்