பாக்கி இருக்கும் பரோட்டா

அன்புள்ள சுப்பு,

மூன்று மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ராஜி கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன். இப்போது எழுத உட்கார்ந்த விஷயம் வேறு.

பேத்தி சதுரங்கப் பலகையில் நெல் வைக்கும் கணக்கைக் கேட்டாள். மொத்தம் 18446744073709551615. காரணிப்படுத்திக் காட்டலாமே என்று பேனாவை எடுத்தேன். 3, 5, 17, 257, 65537 என்று வரிசையாகக் கழன்று வந்தன. கடைசியில் மிஞ்சி நின்றது யார் தெரியுமா? 4294967297, அதாவது 2³²+1! நம் பழைய சண்டைக்காரன்.

2-ஐ 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும் அடுக்குகளுக்கு உயர்த்தி 1 கூட்டினால் வருவதெல்லாம் பகா எண் என்று ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் ஊகித்திருந்தார் அல்லவா? விடுதி மொட்டை மாடியில் நீ அந்த 4294967297-ஐ ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போய், 599-க்கு மேல் சலித்துப்போய், "இதுவும் பகா எண்தான், ஃபெர்மா சொன்னது சரி" என்று நோட்டை மூடினாயே! 599-க்குப் பிறகு ஏழாவது பகா எண் 641. சரியாக வகுபடுகிறது, ஈவு 6700417. பாவி, இன்னும் ஒரு பக்கம் போட்டிருக்கக் கூடாதா? பந்தயம் கட்டிய ஆறு பரோட்டா இன்னும் பாக்கி.

1729-இல் (ஆமாம், ராமானுஜன் எண்ணேதான்!) கோல்ட்பாக் என்ற கணிதர், கணித மேதை ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில் ஃபெர்மாவின் இந்த ஊகத்தைப் பற்றிக் கேட்டார். 1732-இல் ஆய்லர் 641-ஐப் பிடித்துவிட்டார். பிற்பாடு வழியையும் அவரே காட்டினார்: இதன் பகாக் காரணி எதுவானாலும், 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தே வகுத்தல். நீ நூற்றுக்கு மேல் போட்டாய்!

என் தூக்கத்தைக் கெடுத்தது இதுகூட இல்லை. வகுக்கவே வேண்டாமடா. 641 என்பது 5×128+1. அதே 641, 625+16-உம்தான். முதலாவதன்படி, 641-ஆல் வகுக்க 5×2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்து, 5⁴×2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். ஆக −2³²-க்கு மீதி 1. அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடும். நான்கு வரி! ராத்திரி ஒரு மணிக்கு எழுதி முடித்தபோது கை நடுங்கியது.

ஃபெர்மாவே முதல் ஐந்தும் (3, 5, 17, 257, 65537) பகா எண்ணாக வந்ததைப் பார்த்து, மற்றவையும் வரும் என்று நம்பினார். அந்த ஐந்துக்குப் பிறகு இன்றுவரை ஒன்றுகூட அகப்படவில்லை. 2-ஐ 2²⁰ என்ற அடுக்குக்கு உயர்த்தி 1 கூட்டினால் 315653 இலக்கம். அது பகு எண் என்று நிரூபித்தாயிற்று, ஆனால் ஒரு காரணியைக்கூட யாரும் கண்டதில்லை. கண்ணில் படாத ஒன்றை இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடிகிறதே, சுப்பு. இதை உன்னைத் தவிர யாரிடம் போய்ச் சொல்வேன்?

அந்தக் குயர் நோட்டு பரணில் கிடந்தால், 599 போட்ட பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. பேத்திக்குக் காட்ட வேண்டும்.

உன்,
கணேசன்